பழுப்புக்கு நடுவே நின்றவர்கள்

கொன் கேன்
9 ஜனவரி 2017

டாக்டர் பிம்பா அவர்களுக்கு,

ஏழு வருஷமாகப் பேசாத ஆளிடமிருந்து கடிதம் வந்தால் யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பதறாதே, இன்னும் யாரும் சாகவில்லை. லம்துவான் நன்றாக இருக்கிறாள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன பிறகும் என்னைத் திட்டுவதற்கு அவளுக்குப் புதிதாக ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கிறது. சங்கதி என்னைப் பற்றியது.

எனக்குப் பித்தநாளத்தில் புற்றுநோய். சிரிப்பு வந்தால் சிரித்துவிடு. ஈசான் சீமை முழுக்க ஊர் ஊராகப் போய், "பச்ச மீனத் திங்காதீங்கய்யா, புழு ஈரல்ல போய் உக்காந்துக்கும், கடைசில புத்துநோய்ல கொண்டுவந்து விட்டுரும்" என்று ஒலிபெருக்கியில் கத்தினவனுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. போன ஜூனில் ஈரலில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தார்கள். எல்லாம் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். டிசம்பர் ஸ்கேனில் ஈரலுக்குக் கீழே இரண்டு நிணநீர் முடிச்சுகள் வீங்கித் தெரிகின்றன. திரும்பி வந்துவிட்டது.

வைத்தியம் பார்ப்பவன் நம்மிடம் படித்த பையன்தான். என் எதிரே உட்கார முடியாமல் நின்றுகொண்டே பேசினான். "சார், வழக்கமான மருந்து இனிமே பெரிசா ஒண்ணும் செய்யாது. புதுசா ஒண்ணு வந்திருக்கு. கட்டி போட்டுக்கிற முகமூடிய கழட்டிவிடுற மருந்து. பிடிச்சா நல்லா பிடிக்கும். பிடிக்கலேன்னா இருக்கிற தெம்பையும் எடுத்துரும். எடுத்துக்கலாமா வேணாமான்னு வெட்டி எடுத்த கட்டியோட ஸ்லைடைப் பாத்து நீங்களே சொல்லிடுங்க சார்" என்றான். எப்படி இருக்கிறது கதை! நோயாளியும் நானே, ஸ்லைடு படித்து அவனுக்குத் தீர்ப்பு எழுதுகிறவனும் நானே.

நான் பார்க்கவில்லை. நம் ஆய்வகத்துக் கேசோன்தான் சாயம் போட்டாள். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "நெறைய பழுப்பு, டாக்டர்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டாள். அவளும் உன் கட்டுரையைப் படித்தவள் அல்லவா?

உன் கணக்குப்படி, கட்டி எவ்வளவு பழுப்போ அவ்வளவு சீக்கிரம் ஆள் காலி. கட்டி தன் மேலே முகமூடிப் புரதத்தைப் பூசிக்கொள்கிறது, காவலுக்கு வருகிற வெள்ளையணுக்கள் நம்ம ஆள்தான் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுகின்றன, அந்தப் பூச்சுதான் சாயத்தில் பழுப்பாகத் தெரிகிறது என்றாய். நான் என்ன சொன்னேன்? காவல் வந்து அடிக்கிற இடத்தில்தான் கட்டி பயந்து முகமூடி போடும், ஆகவே பழுப்பு நல்ல சகுனம் என்றேன். அந்தச் சண்டையில்தான் நீ சியாங் மாய்க்கு மலையேறிப் போனாய்.

இப்போது சண்டை என் வயிற்றுக்குள்ளேயே வந்துவிட்டது. பிப்ரவரி முடிவதற்குள் பையனுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஸ்லைடை நீ படித்துச் சொல். வேறு யார் சொன்னாலும் எனக்குத் தூக்கம் வராது.

தாவத்


சியாங் மாய்
20 ஜனவரி 2017

டாக்டர் தாவத் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கீழே வருவதெல்லாம் கோபம்.

உங்கள் ஸ்லைடை நான் பார்க்க மாட்டேன். யாருடையது என்று தெரிந்துகொண்டு படித்தால் அது படிப்பே இல்லை. நோயாளியின் எண்ணை ஒட்டுத்தாளால் மூடிவிட்டுத்தான் எதையும் படிக்க வேண்டும் என்று சட்டம் போட்டவரே நீங்கள்தான். உங்கள் சித்தப்பாவின் ஸ்லைடு வந்தபோது என்ன செய்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "எங்கிட்ட காட்டாதீங்கப்பா, எங் கண்ணு பொய் சொல்லும்" என்று எழுந்து காபி குடிக்கப் போய்விட்டீர்கள். உங்கள் கண் பொய் சொல்லும், என் கண் சொல்லாதா? எனக்கென்ன கல்லிலா கண் வைத்திருக்கிறது?

இன்னொன்று. நான் மலையேறிப் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் விட்டுவிட்டுப் போனது? கட்டுரையை அனுப்புவதற்கு முந்தின நாள் வந்து உங்கள் பெயரை அடித்தீர்கள். "உன் எண்ணிக்கை, உன் முடிவு, நீயே வச்சுக்க" என்றீர்கள். அவ்வளவு பேருடைய ஸ்லைடையும் ஒரே மைக்ராஸ்கோப்பில், அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான் என்று உட்கார்ந்து, கழுத்து வலிக்க வலிக்க இரண்டு பேரும்தானே எண்ணினோம்? ஊர் ஊராகப் போய் இந்த ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று விசாரித்து வந்தது நான். வீட்டுக்காரர்கள் அழும்போது கூட உட்கார்ந்து அழுததும் நான். கடைசியில் அந்தக் கட்டுரையில் என் பெயர் மட்டும் தனியாக நின்றபோது, என்னமோ நான் திருடிக்கொண்டு வந்த மாதிரி எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இங்கே வந்தேன்.

சாப்பிடுகிறீர்களா? வாய் கசந்தால் லம்துவான் அக்காவை இஞ்சி போட்டு மீன் சூப் வைக்கச் சொல்லுங்கள். நன்றாகக் கொதிக்க வைத்த மீன்.

பிம்பா


கொன் கேன்
30 ஜனவரி 2017

பிம்பா,

திட்டி எழுதினாய் பார், அதைப் படித்த பிறகுதான் இரண்டு வாய் கூடச் சாப்பிட்டேன். இந்த வீட்டில் எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். லம்துவான்கூடத் திட்டை நிறுத்திவிட்டாள். மனுஷனுக்குப் பயம் வருவது அதனால்தான்.

நேற்று சீ ஆற்றங்கரைப் பக்கம் காரில் கூட்டிப் போனார்கள். அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. குட்டையில் தண்ணீர் வற்றி, பொடி மீன் பளபளவென்று துள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு நொங் தா ஊர் ஞாபகம் வந்துவிட்டது. முதல் தடவை உன்னை அங்கே கூட்டிப் போனேனே, நீ அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த புதிது. காலையெல்லாம் மல மாதிரிகளைச் சேகரித்து, புழு முட்டை பார்த்து, பச்சை மீன் கூடாது என்று படம் போட்டுக் காட்டினோம். கூட்டம் முடிந்ததும் ஊர்த் தலைவர் பெண்டாட்டி பாய் விரித்துச் சாப்பாடு வைத்தாளே! நடுவில் கோய் பிளா. அப்போதுதான் குட்டையில் பிடித்த மீனைக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, வறுத்த அரிசிப்பொடி, மிளகாய், புதினா எல்லாம் போட்டுப் பிசைந்தது. மீன் இன்னும் கண்ணாடி மாதிரி இருந்தது.

நீ கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாய். அந்த அம்மாள் விடவில்லை. "ஏங் டாக்டரம்மா, நீங்க சொன்னத நாங்க உக்காந்து கேட்டோமில்ல? நாங்க குடுத்தத நீங்க ஒரு வாய் திங்கக் கூடாதா?" என்றாள். நான் உன் காதில், "எலுமிச்சம்பழம் போட்டிருக்கு, அரிசிச் சாராயம் ஒரு மடக்கு உள்ள போனா பாதி செத்துரும், மிச்சத்துக்குத்தான் மாத்திரை இருக்கே" என்றேன். எலுமிச்சைக்கும் சாராயத்துக்கும் அந்தப் புழு சாகாது என்று அரைமணி நேரம் முன்னால் ஊருக்கே பாடம் எடுத்தவன் நான்! ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தொட்டு நீ வாயில் போட்டாய். உன் கண் விரிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. "அய்யோ அண்ணே, இவ்வளவு ருசியா இருந்தா ஜனங்க எப்படி விடுவாங்க?" என்றாய்.

அதற்கப்புறம் எத்தனை ஊர், எத்தனை பாய்! வெள்ளிக்கிழமை கோய் பிளா, திங்கட்கிழமை புழு மாத்திரை. படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. ஒவ்வொரு தடவையும் புழுவைக் கொன்றோம், திரும்பத் திரும்ப விருந்துக்குக் கூப்பிட்டோம். அது செத்துச் செத்துப் பிறந்ததில் பித்தக் குழாய் புண்ணாகிக்கொண்டே வந்திருக்கிறது. மாத்திரை இருக்கிற தைரியம்தான் என்னைத் தின்றது. அந்த ஊர்க்காரர்களாவது தெரியாமல் தின்றார்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தச் சாப்பாட்டுக்காக நான் வருத்தப்படவில்லை. அந்த நாட்களைப் போல ஒன்று என் ஆயுளில் வரவே இல்லை. வண்டிப் பின்னால் மாதிரிப் பெட்டி ஆட, நீ பாட்டுப் பாடிக்கொண்டு வர, மண் ரோட்டில் திரும்பி வருவோமே, அதற்கு ஏங்குகிறேன்.

நீயும் தின்றவள்தான். ஈரலுக்கு ஸ்கேன் எடுத்தாயா? மரியாதையாக எடுத்துவிட்டு எனக்கு எழுது.

என் முடிவைக் கேள். ஸ்லைடு நீ பார்க்க மாட்டாய், சரி. நான் பையனிடம் மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். உன் கட்டுரை சரியாகத்தான் இருக்க வேண்டும். நீ எண்ணினால் தப்பாது. மிச்சம் இருப்பதை லம்துவானின் ஊரில் கழித்துவிடுகிறேன். போன வாரம் உறவுக்காரர்கள் கூடி என் மணிக்கட்டில் நூல் கட்டி, ஓடிப்போன உயிரே திரும்பி வா என்று கூப்பிட்டார்கள். கை நிறைய வெள்ளை நூலோடு இதை எழுதுகிறேன்.

தாவத்


சியாங் மாய்
6 பிப்ரவரி 2017

அண்ணனுக்கு,

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சொல்லவே சொல்லாதீர்கள். மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்டுரையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். அது நூற்றுக்கணக்கான பேருக்கான கணக்கு. ஒரு ஆளுக்கு அதை வைத்து என்ன சொல்ல முடியும்? நீங்கள் அன்றைக்குச் சொன்னீர்களே, காவல் வந்து அடிக்கிற இடத்தில்தான் பழுப்பு வரும் என்று? அதில் நியாயம் இருக்கிறது. இப்போது வெளிநாட்டில் வேறு கட்டிகளில் பார்த்தவர்களும் அப்படி எழுதுகிறார்கள். முகமூடி இருந்தால்தானே முகமூடியைக் கழற்றுகிற மருந்துக்கு வேலை? பழுப்பு நிறைய இருக்கிறது என்றால் மருந்துக்குப் பிடிமானம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

என்னோடு சண்டை போட்ட மனுஷன் எங்கே போனார்? அத்தனை பேர் நடுவில் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினீர்களே!

பிம்பா


கொன் கேன்
14 பிப்ரவரி 2017

அடிப் பாவி,

ஏழு வருஷத்துக்கு முன்னால் இதில் பாதியை ஒத்துக்கொண்டிருந்தால் என் பெயர் அந்தக் கட்டுரையில் இருந்திருக்கும்.

உன் கடிதத்தை லம்துவானுக்கு வாசித்துக் காட்டினேன். "என்னங்க இது, அவ உங்க பக்கம் பேசுறா, நீங்க அவ பக்கம் பேசுறீங்க? வெவஸ்தை கெட்ட சண்டையா இருக்கே!" என்றாள். அவள் சொன்னது சரி. நான் உன் கட்சிக்கு வந்துவிட்டேன், நீ என் கட்சிக்குப் போய்விட்டாய். எதிரெதிரே நடந்து வந்து ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழைந்த மாதிரி.

ஆனால் பிம்பா, நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியாதா? அது பரிதாபம். நொங் தாவில் யாரோ ஒரு ஊர்க்காரனுக்காவது நீ இப்படிக் கட்சி மாறினாயா? அவர்களுக்கெல்லாம் பழுப்பு என்றால் கெட்டது, தாவத்துக்கு மட்டும் நல்லதா? ஸ்லைடைக்கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறாய். என்னிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் நீ என்றுதான் உனக்கு எழுதினேன். நீயும் எல்லாரையும் போல மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டாய். அது எனக்குத் தாங்கவில்லை.

பயமாக இருக்கிறது. இதை லம்துவானிடம் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன். வலியைப் பற்றி இல்லை. வீணாக ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டு, அது பொய்த்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போவதற்குத்தான் பயம். பழுப்பு கெட்டது என்றே இருக்கட்டும், நான் தயாராகிக்கொள்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி பையனைப் பார்க்கப் போகிறேன்.

தாவத்


கொன் கேன்
22 பிப்ரவரி 2017

பிம்பா,

இது என்ன அநியாயம்? இன்றைக்குக் கேசோன் மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சுவாக்கில், "டாக்டரம்மா ரொம்ப எளைச்சுட்டாங்க, நூடுல்ஸைக்கூட முழுசா சாப்பிடல" என்றாள். எந்த டாக்டரம்மா என்று கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தோண்டித் துருவிக் கேட்டால், நீ இங்கே வந்திருக்கிறாய்! ஆய்வகத்திலேயே நாட்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாய். ஆஸ்பத்திரிக்கு எதிரே கடையில் நூடுல்ஸ் தின்றிருக்கிறாய். என் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். வராமல் போய்விட்டாய்.

நீ என்ன செய்தாய் என்று கேட்டால் கேசோன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். "சத்தியம் வாங்கிட்டாங்க டாக்டர்" என்கிறாள்.

லம்துவானுக்கு அழுகையே வந்துவிட்டது. "நம்ம வீட்டுச் சோத்தத் தின்னு வளந்தவ, வாசப்படிய மிதிக்காம போயிட்டாளே! நீங்க அவளுக்கு அப்படி என்ன எழுதித் தொலைச்சீங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். திட்டு திரும்பி வந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனாலும் நீ செய்தது சரியில்லை.

கோபப்பட்டு வராமல் போனாயா? அப்படியானால் அந்தப் பதினாலாம் தேதிக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

தாவத்


சியாங் மாய்
25 பிப்ரவரி 2017

அண்ணே,

கோபத்தில் வராமல் போகவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் என் கண் பொய் சொல்லியிருக்கும். அதனால் வரவில்லை. அக்காவிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை ஒரு மாதம் தங்கி அவர் தலையில் மிளகாய் அரைக்கிறேன்.

பரிதாபம் என்று எழுதினீர்களே, அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது உண்மை. ஸ்லைடைப் பார்க்காமல்தான் எழுதினேன். பரிதாபப்பட்டுத்தான் எழுதினேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன். உங்களுக்கு வேண்டியது ஆறுதல் இல்லை, ஒரு படிப்பு. அதை எப்படிக் கொடுப்பது? ஒரே ஒரு வழிதான் தோன்றியது. மறுநாளே கேசோனுக்குப் போன் போட்டேன்.

நம் பழைய கட்டுரையின் ஸ்லைடுகளையெல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து வைக்கச் சொன்னேன். எல்லாவற்றின் எண்ணையும் ஒட்டுத்தாளால் மூடச் சொன்னேன். உங்களுடையதையும் அப்படியே மூடி, பெட்டிகளுக்குள்ளே எங்கேயாவது கலந்துவிடச் சொன்னேன். எந்தப் பெட்டி என்று எனக்குச் சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. பாவம், நான் படித்த நாளெல்லாம் அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

இந்தத் தடவை நான் வேறு விதமாக எண்ணினேன். அப்போது நாம் காவல் வெள்ளையணுக்களைக் கட்டியின் ஓரத்தில் மட்டும்தானே எண்ணினோம்? அங்கேதான் கூட்டமாக நிற்கும், எண்ணுவதற்கும் சுலபம். உள்ளே இருப்பவற்றையும் எண்ண வேண்டும் என்று நீங்கள் நச்சரித்தீர்கள். "வாசல்ல நிக்கிறவனுக்கும் வீட்டுக்குள்ள பூந்து சண்ட போடுறவனுக்கும் வித்தியாசம் இல்லியா?" என்று கேட்டீர்கள். ஆயுசு போய்விடும் என்று நான்தான் மறுத்தேன். இப்போது உள்ளே போய் எண்ணினேன். ஒவ்வொரு கட்டியிலும் இரண்டு கேள்வி மட்டும். பழுப்பு இருக்கிறதா? பழுப்புக்கு நடுவே காவல் நிற்கிறதா?

அண்ணே, எண் மூடியிருந்தும் சில பேரை எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஸ்லைடின் ஓரத்தில் புழு முட்டை ஒன்று இருந்தது, அது நொங் தா ஊர்த் தலைவர். அந்தப் பாயும், அந்த அம்மாள் கெஞ்சினதும், நீங்கள் காதில் சொன்னதும் எல்லாம் ஞாபகம் வந்து கண்ணாடி வில்லை மங்கிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். எத்தனை பேர் வீட்டில் தின்றோம்! அத்தனை பேரும் பெட்டிக்குள் வரிசையாக நிற்கிறார்கள். நாம்தான் எஞ்சியிருக்கிறோம்.

படித்து முடித்து, எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு மூடிவைத்த பிறகுதான் ஒட்டுத்தாளைப் பிரிக்கச் சொன்னேன். யார் எவ்வளவு நாள் இருந்தார்கள் என்று பழைய விவரத்தோடு சேர்த்துப் பார்த்தோம். பழுப்பாக இருந்து, உள்ளே காவலே இல்லாதவர்கள்தான் அதிகம். அவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். நான் எழுதியது அவர்களைப் பற்றித்தான், அது தப்பில்லை. ஆனால் பழுப்பும் இருந்து, அதற்கு நடுவே காவலும் நின்ற சிலர் இருந்தார்கள். கொஞ்சம் பேர்தான். அவர்கள் மற்றவர்களைவிட ரொம்ப நாள் இருந்திருக்கிறார்கள். அவர்களை நான் கூட்டத்தோடு சேர்த்துக் கரைத்துவிட்டேன். நீங்கள் சொன்னது அவர்களைப் பற்றி.

ஒன்றை மட்டும் கேசோன் கடைசி வரை பிரிக்காமல் கையில் வைத்திருந்தாள். அதில் நான் எழுதியிருந்தது இது: பழுப்பு மிக அதிகம். உள்ளே காவல் மிக அதிகம், திட்டுத் திட்டாக, கட்டியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு. அவள் பிரித்தாள். நீங்கள்.

யாருடையது என்று தெரியாமல் எழுதினேன், அண்ணே. இதில் பரிதாபம் ஒரு சொட்டுக்கூட இல்லை. உங்கள் உடம்பு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே புகுந்து சண்டை போட்டிருக்கிறது. முகமூடியைப் பார்த்து ஏமாந்து நிற்கிறது, அவ்வளவுதான். மருந்து பிடிக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பிடிப்பதற்கு உள்ளே ஆள் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். உங்களுக்கு முன்னால் இந்த மருந்தை எடுத்துக்கொண்ட இந்த நோய்க்காரர் யாரையும் நான் பார்த்ததில்லை.

என் பிழைப்பே அந்தக் கட்டுரைதான். என்னை எல்லாருக்கும் தெரிவது அதனால்தான். அது தப்பாகப் போக வேண்டும் என்று கோயிலுக்குப் போய் விளக்கு ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தபாலை நம்பாமல் விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். இருபத்தெட்டாம் தேதி சரி என்று சொல்லுங்கள்.

ஈரல் ஸ்கேன் எடுத்தேன். ஒன்றும் இல்லை. என்ன கணக்கோ, ஒரே தட்டில்தான் தின்றோம்.

பிம்பா


கொன் கேன்
21 ஆகஸ்ட் 2017

பிம்பா,

மருந்து ஏற்றிய கதையை எல்லாம் லம்துவான் போனில் உன்னிடம் ஒப்பித்திருப்பாள். இரண்டு பேரும் இப்போது என்னைக் கேட்காமல் பேசிக்கொள்கிறீர்கள். ஆனாலும் கடிதத்தில் சண்டை போட்டதைக் கடிதத்தில்தான் முடிக்க வேண்டும்.

முதல் இரண்டு தடவையில் உடம்பெல்லாம் அரித்தது. சொறிந்து சொறிந்து தோல் உரிந்தது. மூன்றாவதில் காய்ச்சல். ஸ்கேனில் முடிச்சு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பையன் முகம் வெளுத்துவிட்டது, நிறுத்திவிடலாம் என்றான். நான் அவனை உட்கார வைத்து, "டேய், வீட்டுக்குள்ள சண்டை நடந்தா வீடு வீங்கத்தாண்டா செய்யும். இன்னும் ரெண்டு தடவ ஏத்து" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கெல்லாம் உன் கடிதத்தில் அந்த ஒரு பாராவை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். யாருடையது என்று தெரியாமல் எழுதினாயே, அந்தப் பாரா.

நேற்று புது ஸ்கேன். ஒரு முடிச்சைக் காணவில்லை. இன்னொன்று பயறு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பையன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

லம்துவான் கேட்டாள், "அப்ப கடைசில யாருதான் ஜெயிச்சது?" நான் சொன்னேன், "ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி தெரிஞ்சிருக்கு. அந்த ரெண்டு பாதியும் ஏழு வருஷம் பேசாம இருந்துச்சு." அவள் தலையில் அடித்துக்கொண்டு, "இதுக்கா ரெண்டு பேரும் டாக்டருக்குப் படிச்சீங்க?" என்றாள்.

சொங்க்ரான் புத்தாண்டுப் பண்டிகைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் ஏமாற்றினாய். அறுப்பு முடிந்ததும் வந்து சேர். குட்டைப் பக்கம் போய் உட்காருவோம். மீன் சுட்டுத்தான் தின்ன வேண்டும் என்று இங்கே உத்தரவு.

அண்ணன்


பாங்காக்
12 ஜூலை 2019

அண்ணே,

மாநாட்டுக் கூட்டம் முடிந்து அறைக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன்.

இன்றைக்குத்தான் என் பேச்சு. மேடையில் ஏறி, என்னுடைய அந்தக் கட்டுரையை நானே திரையில் போட்டு, இது பாதிதான் சரி என்றேன். சபையில் சலசலப்பு. பழுப்பை மட்டும் பார்த்து யாருக்கும் நாள் குறிக்காதீர்கள், நடுவே காவல் நிற்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள், அப்படி நிற்கிறவர்களுக்குப் புது மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். மூடி வைத்துப் படித்த விவரத்தையும் சொன்னேன். உங்கள் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டிருந்தேன். கேட்காமல் செய்தேன், இந்தத் தடவை பெயரை அடிக்க முடியாத தூரத்தில் இருக்கிறீர்கள்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பாங்காக்காரி, நறுக்குத் தெறித்த மாதிரிப் பேச்சு. "எல்லாம் சரிங்க டாக்டர். அப்படிக் காவல் உள்ள நிக்கிறவங்கள்ல, மருந்து குடுத்து நீங்க எத்தனை பேரைப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

நான், "ஒருத்தரை" என்றேன்.

சபையே சிரித்துவிட்டது. ஒருத்தரை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து சொந்தக் கட்டுரையைக் கிழிக்கிறாளே என்று சிரித்தார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆயுசு முழுக்க எண்ணிக்கை, எண்ணிக்கை என்று எல்லாரையும் விரட்டியவள் நான்தானே! எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. நின்றபடியே இன்னொன்று கேட்டாள்.

"அந்த ஒருத்தர் இப்ப எப்படி இருக்கார்?"

எழுதி வைத்திருந்த பதில் ஒன்று கையில் இருந்தது, ஸ்கேன் அளவு, மாதக் கணக்கு எல்லாம் போட்டு. அதைப் படிக்க வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இருக்கார்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியே மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டேன்.

உங்கள்
பிம்பா